வழுக்குப்பாறையும் அடித்தகடும்

ஆகஸ்ட் 11

வத்தலக்குண்டு உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் பால் சட்டிக்கு மூடியாக இருந்தது. இன்று எழுத எடுத்ததற்குக் காரணம், வீட்டில் பேச ஆள் இல்லை. ஆள் இருக்கிறார், நான்தான் பேசுவதாக இல்லை.

என் வீட்டுக்காரர் பவுன்ராஜ் ஜீப்பை விற்கப் பேசிவிட்டார். கொடைக்கானலில் ரிசார்ட் நடத்தும் ஒருவர் ஆயுத பூஜை முடிந்ததும் வந்து எடுத்துப்போகிறாராம். எனக்கு இதைப் பக்கத்து வீட்டு ஒச்சம்மா அக்கா சொல்லித்தான் தெரியும். எங்கள் ஊர் கரடிமடுவில் ஆடு மாடு வரைக்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது.

போன ஐப்பசி மழையில் ஓடையிலுள்ள வழுக்குப்பாறையில் வண்டி அடி தட்டி, இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப் கிழிந்தது. ஆயில் பூராவும் ஓடையில் போய், இன்ஜின் பாறை நடுவிலேயே நின்றுவிட்டது. சக்கரத்துக்கு அண்டைக்கல் வைக்க இவர் இறங்கினார். வண்டி சறுக்கி இவருடைய வலது மணிக்கட்டை நசுக்கியது. மதுரையில் கையைத் திறந்து பிளேட் வைத்து அனுப்பினார்கள். இன்ஜினையும் பிரித்துக் கட்டியாயிற்று. அன்றிலிருந்து ஜீப்பை ஓட்டுவது நான். மகளிர் குழுவில் டிரைவிங் பழகி வாங்கி வைத்த லைசென்ஸ் அரிசிப் பானைக்குள் கிடந்தது, அது உதவிற்று. இவர் கை சரியாகும்வரைக்கும்தான்.

எங்கள் ஊருக்கு வேறு வண்டி கிடையாது. மற்ற ஜீப்காரர்கள் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று கும்பிடு போட்டுவிடுவார்கள். இந்த ஜீப் போனால் மலைவாழைத்தாரும் சவ்சவ் மூட்டையும் தலைச்சுமையாகத்தான் தார் ரோட்டுக்குப் போக வேண்டும். இதைச் சொல்லிக் கேட்டேன்.

"ஊரு கெடக்கட்டும். அந்தப் பாறையில இனிமே நம்ம வண்டி எறங்க வேணாம்," என்றார்.

"நாந்தான ஓட்டுறேன். நீங்களா ஓட்டுறீங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

அதுக்குத்தானாம். பொம்பளை ஓட்டுவது மனுஷனுக்குக் குத்துகிறது, வேறென்ன.

ஆகஸ்ட் 12

இன்றும் பேசவில்லை. ஆனால் ரசத்தில் உப்பு தூக்கல் என்று சொல்ல மட்டும் வாய் வருகிறது அவருக்கு.

ஆகஸ்ட் 14

நானே முதலில் பேசிவிட்டேன். என் வாய் அப்படி.

"அடியில கனமா ஒரு தகடு போட்டுட்டா? கல்லு பட்டாலும் தகட்டுலதான படும்? சம்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

தட்டிலிருந்த முட்டைக்கோசை ஒதுக்கி வைத்தார். பிறகு சொன்னார், "சரி. தகடு போடு. முழுச் சுமையோட வழுக்குப்பாறையத் தாண்டி, ஒரு சொட்டு ஆயில் ஒழுகாம தார் ரோட்ல கொண்டுபோயி நிறுத்து. நான் விக்கல. ஆயுத பூஜைக்கு மறுநாளு வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் மழை பிடிச்சுக்கும், ரிசார்ட்காரரும் வந்துருவாரு."

"பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

நிறையத் தடவை மாறியிருக்கிறார். இதில் மாறமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 19

இன்று இரண்டு நடை. காலையில் வாழைத்தார், மத்தியானம் ரேஷன் அரிசி.

எங்கள் ஊருக்குள் ஜீப் வராது. வழுக்குப்பாறைக்கு மேலே ஒரு மேடை மாதிரி இடம் இருக்கிறது, சுமைமேடு என்போம். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளம். ஜீப் நிற்கிற அகலம்தான். ஓடையிலிருந்து ஏறி வந்து அங்கே நிறுத்தி, சுமை ஏற்றி, அப்படியே பின்பக்கமாக இறங்கி, அக்கரையில் திருப்பிக்கொண்டு தார் ரோட்டுக்குப் போக வேண்டும். தார் ரோட்டை அடைந்ததும் நீளமாக ஒரு ஹாரன். மேலே இருப்பவர்களுக்கு வண்டி பத்திரமாகப் போய்விட்டது என்று தெரியும். இவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

இன்று இவரும் ஆஸ்பத்திரிக்குக் காட்ட என்கூட வந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை மிதிக்கிறார். அங்கே பிரேக் கிடையாது. மிதித்து மிதித்து ரப்பர் விரிப்பில் பள்ளம் விழுந்திருக்கிறது.

டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினமும் அழுத்தச் சொன்னார். பந்து இப்போது அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாமி அழுத்தட்டும் என்று விட்டுவிட்டார்போல.

ஆகஸ்ட் 26

தகடு விஷயமாக வத்தலக்குண்டு போனேன். போகும் முன் ஊரே யோசனை சொன்னது. ஒச்சம்மா அக்கா வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்த தகரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதைப் போட்டால் பாறைக்குத்தான் சிரிப்பு வரும்.

செல்போனில் அலுமினியத் தகடு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் கிடைக்கிறதாம். பளபளவென்று, தூக்க லேசாக, அழகாக இருந்தது. இவருக்கோ பாலத்துக்குப் போடுகிற மாதிரி விரல் கனத்துக்கு இரும்பு வேண்டும். "கனமா போட்டாத்தான் நிக்கும்," என்று நேற்றெல்லாம் ஒரே பாட்டு.

பட்டறைக்காரர் சிக்கந்தர் பாய் இரண்டையும் வேண்டாம் என்றார். கிழிந்த சம்பைப் பிரித்துப் போட்டவர் அவர்தான், வண்டியின் வயிறு அவருக்குத் தெரியும்.

"அலுமினியம் லேசுதான் தங்கச்சி. மண்ணுல, மணல்ல ஓட்டுறவங்களுக்கு அது போதும். ஒங்க பாறை பல்லு வச்ச பாறை. குத்திக் குழி பண்ணிரும். ஒடஞ்சா இங்க பத்தவைக்கவும் ஆளு இல்ல."

"இவரு கேக்குற மாதிரி கனமா போட்டா?"

"வண்டி அந்தக் கனத்துலயே உக்காந்துரும். தரைக்கும் வண்டி வயித்துக்கும் நடுவுல ஒசரம் வேணும்ல? தகடே ஒசரத்தத் தின்னா என்னா பிரயோஜனம்?"

ஆறு எம்.எம். இரும்பு, உள்பக்கம் இரண்டு பட்டை வைத்து வெல்டிங், முன்பக்கம் அகப்பை மாதிரி மேலே வளைத்து. வண்டியின் சேஸ் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுவது, வெல்டிங்கில் ஒட்டிவிட்டால் பிறகு கழற்ற முடியாது. ஆயில் மாற்ற அடியில் ஒரு ஓட்டை. சைலன்சர் குழாயை ஒட்டாமல் இடைவெளி, இல்லையென்றால் காய்ந்த புல் சிக்கித் தீப்பிடிக்குமாம். இவ்வளவும் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தலை சுற்றவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

திரும்பி வந்தபோது இவர் வீட்டில் இல்லை. கொஞ்சம் கழித்து வந்தார். செருப்பில் ஈர மணல். எங்கே போனீர்கள் என்றால் சும்மா என்கிறார்.

செப்டம்பர் 3

பட்டறையில் அளவெடுத்தார்கள். பாய் காலி வண்டிக்கு அடியில் டேப்பைப் பிடித்து, "தாராளமா ஒசரம் இருக்கு," என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் ஜீப் எப்போது காலியாகப் போயிருக்கிறது? எதிரே டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கூப்பிட்டேன். "அண்ணே, எல்லாரும் வந்து செத்த நேரம் ஜீப்புல ஒக்காருங்க. எங்கயும் போகாது." முதலில் பயந்தார்கள். ஒருத்தர் டீ கிளாஸோடு ஏறினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். பின்னால் இரண்டு பேர் தொங்கிக்கொண்டார்கள், அசல் கரடிமடு நடை மாதிரியே இருந்தது. வண்டி நாலு விரல் இறங்கியது. பாய் அடியில் மறுபடி டேப் பிடித்தார். அவர் முகம் மாறியது.

"அல்லா. இதுக்குத் தகட்டத் தாங்குற பிராக்கெட்ட இன்னும் மேல ஏத்தணும்."

டீக்காரர் கிளாஸைத் திருப்பிக் கேட்டு வந்து நின்ற பிறகுதான் எல்லோரும் இறங்கினார்கள்.

இதை இவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். சிரித்ததும் பந்தயம் ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 9

தகடு மாட்டியாயிற்று. கறுப்புப் பெயின்ட். பாயும் அவருடைய ஆள்களும் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பிடித்து போல்ட் முறுக்கினார்கள். வண்டிக்கடியில் குனிந்து பார்த்தேன். பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல் பார்க்கிறாய் என்று பாய் கேலி செய்தார்.

இவரிடம், "ஒங்க கையிலயும் பிளேட்டு, ஜீப்புலயும் பிளேட்டு. ரெண்டுல எது மொதல்ல வேலைக்குப் போவுதுன்னு பாப்போம்," என்றேன்.

ரேஷன் சாமான், ஆள்கள் எல்லாம் ஏற்றி வழுக்குப்பாறையில் ஏறினேன். கல் தட்டியது. முன்பெல்லாம் 'டக்' என்று இடிக்கும், இன்று சர்ரென்று வழுக்கிப் போனது. சுமைமேட்டில் நிறுத்தியதும் ஒச்சம்மா அக்கா குலவை போட்டாள். நான் வெறுமனே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நாளைக்கு வாழைத்தாரோடு இறங்கினால் பந்தயம் முடிந்தது.

செப்டம்பர் 10

முடியவில்லை.

முழுச் சுமை. பாறையில் பின்பக்கமாக இறங்கினேன். பாதியில் கடகடவென்று சத்தம், வண்டி அப்படியே நின்றது. பின்னாலும் வரவில்லை, முன்னாலும் போகவில்லை. மண்வெட்டி கல்லில் மாட்டிய மாதிரி. தாரையெல்லாம் இறக்கி, ஊரே வந்து தள்ளி, மெதுவாக மேலே கொண்டுபோனோம். தகட்டின் பின்பக்கம் மடங்கித் தொங்குகிறது. போல்ட் தலைகள் சிலதைக் காணோம்.

இவர் ஓடைக் கரையில் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் போனதும் என் கையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு கையையும். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

சொல்லிக்காட்டுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 11

பீன்ஸ் பறித்தேன். அழுதேன். மறுபடி பீன்ஸ் பறித்தேன்.

செப்டம்பர் 13

சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன். எவ்வளவு பார்த்தும் புரியவில்லை. முன்பக்கம் ஒரு கீறல்கூட ஆழமாக இல்லை. ஏறும்போது அத்தனை அழகாக வழுக்கிய தகடு இறங்கும்போது ஏன் மாட்டியது?

பக்கத்தில் யாரோ நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. இவர்தான். இடது கையை ஊன்றி, முதுகால் இழுத்து இழுத்து உள்ளே வந்துவிட்டார். விபத்துக்குப் பிறகு ஜீப்பில் ஏறி உட்காருவதோடு சரி, டயரைக்கூடத் தொடாதவர். பேசினால் போய்விடுவாரோ என்று சும்மா கிடந்தேன்.

விரலால் தகட்டின் பின்விளிம்பைத் தடவினார்.

"இது முன்னாடி போற வண்டிக்கு அடிச்ச தகடு," என்றார்.

"எல்லா வண்டியும் முன்னாடிதான போகும்?"

"நம்ம வண்டி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பக்கம் அகப்பை மாதிரி வளைத்திருக்கிறார் பாய். பின்பக்கம் நேராக, கத்தி மாதிரி விட்டுவிட்டார். பாறையில் முன்னால் ஏறும்போது வளைந்த பக்கம் கல்லில் ஏறிக்கொள்கிறது. பின்னால் இறங்கும்போது அந்த நேர் விளிம்பு கல்லில் போய்க் கொக்கி போடுகிறது. எங்கள் சுமையெல்லாம் பின்பக்கமாகத்தான் இறங்குகிறது என்பதை நான் பாயிடம் சொல்லவே இல்லை. ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே சிரித்தோம். என் தலைமுடியில் கிரீஸ்.

செப்டம்பர் 17

இவரும் பட்டறைக்கு வந்தார். தரையில் சாக்பீஸால் பாறையை வரைந்து காட்டினார். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பாறையில ரிவர்ஸ்ல எறங்குற ஜீப்ப என் சர்வீஸ்ல பாத்ததில்ல மாப்ள. மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் எறங்குவாங்கன்னு நெனச்சோம் பாய்," என்றேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை அதுதான்.

தகட்டைப் புதிதாக அடிக்கிறார். முன்னும் பின்னும் வளைவு, தோணி மாதிரி. போல்ட் தலைகள் வெளியே துருத்தாமல் தகட்டுக்குள் பதிந்து நிற்கும்படி குழி. கொஞ்ச நாள் ஆகுமாம்.

செப்டம்பர் 22

தூறல். ஜீப் பட்டறையில் நிற்கிறது, ஊர் தலைச்சுமையாக இறங்குகிறது. ஒச்சம்மா அக்காவும் நானும் ஆளுக்கொரு மூட்டையோடு ஓடையில் இறங்கினோம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைத் திட்டினாள்.

"ஒம் புருசன் பாவம்டி. நீ வண்டிய எடுத்ததும் இந்தக் கல்லுல வந்து ஒக்காந்துருவான். கீழ ஹாரன் கேக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டான். மழையில கூட. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. செருப்பில் மணலைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. பொம்பளை ஓட்டுவது குத்துகிறது என்று இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

சில நாள் நான் கடைவீதியில் வேலை இருக்கிறது என்று ஹாரன் அடிக்க மறந்து போயிருக்கிறேன். அந்த நாள்களில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ.

செப்டம்பர் 28

ஜீப் வந்துவிட்டது. அலமாரியில் பந்தைக் காணோம். இவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

ஜீப்பைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டோம். இவர் குனிந்து தகட்டுக்கும் சந்தனம் வைத்தார். பாறையில் முதல் அடியிலேயே போய்விடும், இருந்தாலும் வைத்தார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, "ஏறு," என்றார் என்னைப் பார்த்து. போன வருஷம் வரைக்கும் ஓட்டுகிற ஆளாக அதில் ஏறியது அவர். நான் ஏறி நசுக்கினேன்.

அக்டோபர் 2

முழுச் சுமை. தார், சவ்சவ், மேலே ஆள்கள். ஒச்சம்மா அக்கா வேண்டுமென்றே தன் ஆட்டையும் ஏற்றினாள்.

இவர் பாறைக்குக் கீழே போய் நின்றுகொண்டார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தபடி இறக்கினேன். அவர் கையைக் காட்டிக்கொண்டே வந்தார். வலது கையை. இடது, இடது, வரட்டும், வரட்டும். போன தடவை மாட்டிய கல் வந்தது. தகடு அதன்மேல் உட்கார்ந்தது, ஒரு நிமிஷம் வண்டி யோசித்தது, பிறகு கரகரவென்று வழுக்கி அந்தப் பக்கம் இறங்கியது. ஆடு கத்தியது.

அக்கரையில் திருப்பினேன். இவர் ஏறிக்கொண்டார். தார் ரோட்டில் நிறுத்தியதும் இறங்கி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வண்டிக்கு அடியில் விரித்தார். எல்லோரும் சுற்றி நின்று துண்டையே பார்த்தோம். சுமை இறக்கி, டீ குடித்து முடிக்கும் வரைக்கும் துண்டு அப்படியே கிடந்தது. எடுத்து உதறினார். ஓடைத் தண்ணீர் கொஞ்சம், சந்தனம் கொஞ்சம். ஆயில் இல்லை.

"ஹாரன் அடி," என்றார்.

"நீங்க இங்கதான இருக்கீங்க. யாருக்கு அடிக்க?"

என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஊருக்கு அடி," என்றார். அடித்தேன், கை வலிக்கிற வரைக்கும்.

அக்டோபர் 4

ரிசார்ட்காரர் போன் செய்தார். இவர் வாசலில் நின்று பேசினார். "இல்லைங்க, வண்டிய குடுக்கிற மாதிரி இல்ல. ஓட்டுறவங்க குடுக்க மாட்டேங்குறாங்க."

ஓட்டுறவங்க. சமையலறையில் நின்று அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அக்டோபர் 10

மதுரையில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கலாம், மூட்டை தூக்கலாம். ஆனால் ஸ்டீரிங்கை முறுக்கிப் பிடித்து மலையில் ஓட்டுகிற வேலைக்கு மணிக்கட்டு பழையபடி திரும்பாது என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது நான்தான் அழுதுவிடுவேன் போலிருந்தது. இவர் வறுகடலை வாங்கிக் கொடுத்தார்.

"அடியில பாக்குறது என் வேல. மேல ஒக்காந்து ஓட்டுறது ஒன் வேல. சரிதான?"

சரி என்றேன்.

இவர் கை சரியாகும்வரைக்கும்தான் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பொய். எனக்கு ஓட்டப் பிடித்திருக்கிறது. கியர் மாற்றும்போது, பாறை தகட்டில் உரசும்போது, ஹாரன் அடிக்கும்போது, எல்லாம் பிடித்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபர் 18

நேற்று முழுக்க மழை. காலையில் ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. தீபாவளிச் சந்தைக்குத் தார் போயாக வேண்டும். இவரும் வந்தார், பக்கத்து சீட்டில்.

சுமைமேட்டிலிருந்து பின்பக்கமாக இறக்கினேன். தண்ணீருக்குள் கல் எதுவும் தெரியவில்லை. தகடு ஒவ்வொரு கல்லாக உரசிச் சொல்லிக்கொண்டே வந்தது. சத்தத்தை வைத்தே இப்போது எனக்கு எந்தக் கல் என்று தெரிகிறது. அக்கரையில் ஏறித் திருப்பும்போதுதான் பக்கத்தில் பார்த்தேன்.

இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறார். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. மடியில் ரப்பர் பந்து. கீழே ரப்பர் விரிப்பில் அந்தப் பள்ளம் காலியாக இருக்கிறது.

தார் ரோட்டுக்கு வந்ததும் கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போனது. எடுத்துவிட்டேன். தூங்கட்டும்.